சூலமங்கலம் சகோதரிகளின் இசைத்தட்டுகள்: பதிவும் மறுபதிப்பும்

தஞ்சாவூர் வட்டாரத்தில் அய்யம்பேட்டையை ஒட்டி அமைந்த சூலமங்கலம், மெலட்டூர், சாலியமங்கலம், ஊத்துக்காடு ஆகிய ஊர்களோடு சேர்த்துப் பாகவத மேளாவுக்காகப் பேசப்படும் ஊர். பாகவத மேளா என்பது பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்று ஆடிப் பாடும் இசை நாடகம். பெண்குரலுக்கு இடமளிக்காத அந்த மேடை மரபு நிலவிய ஊரிலிருந்து வந்த ஜெயலட்சுமி, ராஜலட்சுமி என்னும் இரு சகோதரியரே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூரின் பெயரை இலங்கை, மலேசியா வரை கொண்டுசென்றனர் என்பது காவிரிப் படுகையின் இசை வரலாற்றில் அழுத்திச் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும்.

அவர்களது புகழுக்குக் குரல்வளத்தோடு இசைத்தட்டின் அளவும் துணைநின்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் என்பதால் நீண்ட தோத்திரம் எதையும் அதில் முழுமையாகப் பதிய இயலவில்லை. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. எனப்படும் நெடுந்தட்டோ ஒரு பக்கத்திலேயே 20 நிமிடத்துக்குக் குறையாமல் இடம் தந்தது. உடலின் ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்குமாறு வேண்டும் தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம், இச்சகோதரியர் பாடிய நடையில் ஏறத்தாழ அவ்வளவு நேரமே எடுப்பதால், எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட பதிவில் அதை இடைமுறிவின்றிக் கேட்க முடிந்தது. ராஜலட்சுமி திரைப்படங்களிலும் பாடியதோடு, 1970இல் வெளிவந்த 'தரிசனம்' படத்துக்கு இசையமைத்தும் இருக்கிறார்.

கவசம் ஊர்க் கோயில்களின் கூம்பு ஒலிபெருக்கிக்கு வந்த பிறகு, புத்தகத்தைத் திறந்தறியாதவர்களும் கேட்டே அதை மனப்பாடம் செய்தனர். சுவாமிமலை போன்ற முருகன் தலத்தைக் கொண்ட காவிரிக் கரையில் ஐப்பசிச் சஷ்டி நாட்களின் விடியல் இக்குரல்களோடு பிணைந்தது. ஆனால் கூம்பு ஒலிபெருக்கி கீழ்ஸ்தாயி ஒலிகளை ஏறக்குறைய விழுங்கிவிட்டு நடுத்தர ஒலிகளையே வெகுதூரம் எறியும் கருவியாதலால், ஊரார் அறிந்தது பெரும்பாலும் குரலை மட்டுமே. பக்க இசையின் அடர்த்தி அவர்களை எட்டவில்லை.

இங்கேதான் மறுசெம்மையாக்கத்தின் தேவை எழுகிறது. காந்தப்பூச்சு கொண்ட மூல நாடாவிலிருந்து ஒலியை எண்முறைக்கு மாற்றி, இரைச்சலைக் குறைத்து, கருவிகளின் சமநிலையைச் சீராக்கும் இப்பணி அளவோடு நின்றுவிட வேண்டும். மிகையாகத் துடைத்தால் தம்புராவின் கார்வையும் பாடகியரின் மூச்சும் சேர்ந்தே மறையும். அதனினும் பெரிய இழப்பு வேறொன்று. ஒரே சுரத்தில் இணையும் இரு குரல்களுக்கிடையே உள்ள மயிரிழை வேறுபாடுதான் அவ்விணைக் குரலுக்குத் தடிப்பைத் தருகிறது. சுருதியைத் திருத்தும் மென்பொருள் அதை அழித்தால் எஞ்சுவது ஒற்றைக் குரலே.

இச்சகோதரியரின் எல்.பி.க்கள் அனைத்தையும் ஒரே பெட்டியில் தொகுப்போர் பாடல்களைத் தனித்தனியாகச் சிதறவிடாமல் தட்டின் இரு பக்க வரிசையையும் மூல உறையையும் காக்க வேண்டும். பக்கவாத்தியக்காரர், ஒலிப்பதிவாளர் பெயர்களைப் பதிவுக்கூடக் குறிப்பேடுகளிலிருந்து மீட்டு அச்சிட வேண்டும். ராஜலட்சுமி 1992இலும் ஜெயலட்சுமி 2017இலும் மறைந்துவிட்டதால், பதிவு நாளில் உடன் வாசித்தோர் யார் என்பதை இனி அந்தத் தாள்களைக் கொண்டே நிறுவ முடியும்.