மோர்பாத் கோயில் கணக்கு

1549ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு செலவு பதிவாகியிருக்கிறது. ஊர் இளைஞர் ஐந்து பேர் புனித டேவிட் மேட்டுக்குப் போவதற்காக ஆளுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ். ஏன் போனார்கள், திரும்பி வந்தார்களா என்று அந்த வரி சொல்லவில்லை. இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்பதால், தலைக்கு ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. கொடுத்தது பெரிய ஊருமில்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேய்ச்சல் நிலத்தின் தென்விளிம்பில் இருக்கும் மோர்பாத்தில் அன்று 33 குடும்பங்கள்தான் வாழ்ந்தன. ஏற்கெனவே கடனில் நின்ற அவர்களுடைய கோயில் இந்த ஐவருக்கு வழிச்செலவு கொடுத்திருக்கிறது.

புனித டேவிட் மேடு எக்ஸிட்டர் நகர மதிலுக்கு வெளியே இருந்த இடம். 1549 ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 6 வரை அந்த நகரத்தைக் கிளர்ச்சிக்காரர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். அரசாங்கம் புகுத்திய ஆங்கில வழிபாட்டு நூல் எங்களுக்கு வேண்டாம், பழைய பூசையே வேண்டும் என்று எழுந்த கூட்டம் அது. மோர்பாத்தின் ஐவரும் போனது அந்த முகாமுக்குத்தான் என்பதை வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001இல் வெளியான ‘மோர்பாத்தின் குரல்கள்’ நூலில் எடுத்துக்காட்டினார். அரசருக்கு எதிராக ஊர் ஆள் அனுப்பியிருக்கிறது. அனுப்பியதைக் கோயில் கணக்கிலும் எழுதி வைத்திருக்கிறது.

அந்த முடிச்சை டஃபி அவிழ்த்துவிட்டார். என்னை விடாமல் துரத்தியது வேறொரு கேள்வி. ராஜத்துரோகம் என்றால் தூக்குமரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த காலத்தில், சொன்ன வரியைக் கட்டி வாயடக்கி இருந்த ஒரு மேய்ச்சல் ஊருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? காசு போன வழியே போனால் விடை கிடைக்கலாம் என்று தோன்றியது. எர்ஸ்கின் பின்னி 1904இல் அச்சிட்ட மோர்பாத் கணக்குகளை எடுத்துக்கொண்டு, 1549இலிருந்து பின்னோக்கி நடக்கத் தொடங்கினேன்.

நேராக நடக்க முடியாத பாதை அது. மூலப் பிரதியின் ஏடுகள் வரிசை குலைந்து கிடந்தவை. தேதி என்பது ஏதாவது ஒரு புனிதரின் திருநாளாகவும் அரசரின் ஆட்சியாண்டாகவும்தான் இருக்கும். தொகைகள் ரோமன் எண்களில். ஒரே ஆளின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் வரும். இதில் எனக்குக் கைகொடுத்தது கணக்குப்பிள்ளைகளின் பழைய விதி: இந்த ஆண்டு முடிவில் நின்ற இருப்பு அடுத்த ஆண்டு வரவின் முதல் வரியாக வந்தாக வேண்டும். காசு மட்டுமா? ஆடுகளும் இருப்பில் நின்றன. காசைவிட ஆடுதான் நல்ல சாட்சி என்பது சீக்கிரமே புரிந்துபோயிற்று.

மோர்பாத் கோயிலுக்குச் சொந்தமாக ஆடுகள் இருந்தன. பட்டி கிடையாது, கூலிக்கு மேய்ப்பன் கிடையாது. வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று சபையாரிடம் விட்டு வைத்திருந்தார்கள். கம்பளி விற்ற காசு கோயிலுக்கு. ஆடு செத்தால் தோல் விற்ற காசும் கோயிலுக்கு. யார் வீட்டில் எந்த ஆடு நிற்கிறது, எது குட்டி போட்டது, எது செத்தது என்பதெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை கோயிலில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கப்பட்டது. ஆட்டின் மேல் கையில்லாத வீடு ஊரில் அரிது. அதனால் கோயில் வரவில் அக்கறையில்லாத வீடும் இருந்திருக்க முடியாது.

வாசித்தவர் குருவானவர் கிறிஸ்டபர் ட்ரிக்கி. 1520 ஆகஸ்டில் இந்த ஊருக்கு வந்தவர், 1574இல் சாகும்வரை இங்கேயே இருந்தார். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, எலிசபெத் என நான்கு ஆட்சிகளை இதே பீடத்தில் நின்று பார்த்தவர். கணக்கை எழுதியதும் அவர் கைதான். வாசித்துக் காட்டுவதற்கென்றே எழுதியதால் நடுநடுவே சபையாரை நேராகப் பார்த்துப் பேசுகிறார், கொடுத்தவரைப் பெயர் சொல்லிப் போற்றுகிறார், பாக்கி வைத்தவரையும் விடுவதில்லை. பதினாறாம் நூற்றாண்டுக் கிராமத்துக் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்க வேறு ஆவணம் எனக்குக் கிடைத்ததில்லை.

புனித ஜார்ஜுக்கு ஒரு கணக்கு, மாதாவுக்கு ஒன்று, புனித சிட்வெல்லுக்கு ஒன்று. இவை போக இளைஞர்களுக்கும் கன்னிப் பெண்களுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். கல்யாணமாகாத பெண் ஊர் முன்னால் கோயில் பணத்துக்குப் பதில் சொன்னாள். தலைமை வார்டன் பொறுப்பு வீடு வீடாக முறைவைத்து வந்ததால், தனியாகக் குடும்பம் நடத்திய விதவைகளும் அதை ஏற்றார்கள். பெரிய வரவு வந்தது விருந்துகளில்: தலைமை வார்டன்களின் விருந்து ஒன்று, இளைஞர்களின் விருந்து ஒன்று. பீர் காய்ச்சி, கோயில் வீட்டில் விற்று, அந்த லாபத்தில் ஓடும் ஜன்னலும் மணிக்கயிறும் பழுது பார்த்தார்கள். நம் தென் மாவட்டச் சபைகளின் அசனத்தையும், கோழியும் ஆடும் வாழைத்தாரும் ஏலம் போகும் பண்டிகையையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் அந்நியமாகப் படாது.

1534ஆம் ஆண்டுப் பதிவில் நான் நெடுநேரம் நின்றேன். ஒரு திருடன் ஏணி வைத்துக் கோயில் மேல் ஏறுகிறான். ஏறிய பிறகு ஏணியை மேலே இழுத்துக்கொள்கிறான். அதே ஏணியைக் கோபுர ஜன்னலில் சாத்தி, ஜன்னலை உடைத்து, மணிகள் தொங்கும் இடம் வழியாக உள்ளே இறங்குகிறான். சிக்கிமுக்கித் தட்டி வெளிச்சம் உண்டாக்கிக்கொண்டு, பூசைக் கிண்ணத்தையும் புனித சிட்வெல் சுருபத்தின் வெள்ளிச் செருப்பையும் எடுத்துப் போய்விடுகிறான். இவ்வளவையும் கணக்கில் எழுதியிருக்கிறார் ட்ரிக்கி. அடுத்து அவர் எழுதுவதுதான் என் தேடலுக்கு முதல் தடயம். ஊர் இளைஞர்களும் கன்னிப் பெண்களும் தாங்களாகவே ஒன்றுகூடி, காசு சேர்த்து, ஊருக்கு ஒரு பென்னி சுமையில்லாமல் புதுக் கிண்ணம் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் முகாமுக்குக் கிளம்பியவர்கள் இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவர்கள்.

இரண்டாவது தடயம் ஒரு கறுப்பு உடுப்பு. இறந்தோருக்கான பூசையில் அணியக் கறுப்பு உடுப்பு ஒன்று வேண்டும் என்பது ட்ரிக்கியின் ஆசை. கோயில் ஆட்டுக் கம்பளியில் தமக்குச் சேர வேண்டிய தசமபாகத்தை அவர் வாங்கிக்கொள்ளாமல் அதற்கென்று ஒதுக்கினார். சாகும் தறுவாயில் இருந்தவர்களும் தங்களால் முடிந்ததை எழுதி வைத்தார்கள். இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. உடுப்பு ஒருவழியாக 1547இல் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் ஹென்றி இறந்து, சிறுவன் எட்வர்டின் பெயரில் சீர்திருத்தக்காரர்களின் ஆட்சி தொடங்கியிருந்தது. இரண்டே ஆண்டில் இறந்தோர் பூசை சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டது.

புயலின் முதல் காற்று முன்பே வீசியிருந்தது. 1538இல் சுருபங்கள் முன் விளக்கேற்றக் கூடாது என்று ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் உத்தரவு வந்தது. விளக்கு அணைந்தால் அந்த விளக்குக்காக இருந்த கணக்கு எதற்கு? எட்வர்ட் காலத்தில் மிச்சமும் போயிற்று. 1548இல் தலைமை வார்டனாக இருந்தவர் லூசி ஸ்கேலி. அவருடைய காலத்தில்தான் கோயில் உடைமைகள் விற்கப்பட்டன, கோயிலுக்கு வருவது நின்று கோயிலிலிருந்து போவது மட்டும் நடந்தது என்று ட்ரிக்கி பிற்பாடு வருத்தத்தோடு எழுதுகிறார். அது லூசியைப் பழிப்பதற்காக எழுதியதாக எனக்குப் படவில்லை. தலையில் விழுந்ததைச் சுமந்த பெண்ணைப் பற்றிய சாட்சியம் அது. விருந்து நின்றது. நான் பின்தொடர்ந்து வந்த ஆடுகள் விற்பனை வரியோடு கணக்கை விட்டு மறைகின்றன.

இதற்குப் பிறகு 1549ஆம் ஆண்டு வரியைப் படித்தால் துணிச்சலின் ஊற்று தெரிகிறது. லத்தீன் பூசைக்காக மட்டும் அவர்கள் கிளம்பவில்லை. ஆட்டுக் கம்பளியாலும் பீராலும் பெண்கள் சேர்த்த காசாலும் தாங்களே கட்டியெழுப்பிய ஒன்றை, தங்களைக் கேட்காமல் வேறு யாரோ கலைத்தபோது கிளம்பினார்கள். இது என் முடிவு. இறையியல் கருத்து மாற்றம் என்று மட்டும் அந்தக் கிளர்ச்சியை விளக்குவோர் இந்த வரவுசெலவைப் படிக்க வேண்டும்.

கிளர்ச்சி ஆகஸ்டில் நசுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்தார்கள். எக்ஸிட்டர் புனித தாமஸ் கோயில் குரு ராபர்ட் வெல்ஷைப் பூசை உடுப்போடு அவருடைய கோபுரத்திலேயே தொங்கவிட்டார்கள். ட்ரிக்கி தப்பினார். அதற்குப் பிந்தைய சில ஆண்டுக் கணக்குகளில் அரசு வாங்கச் சொன்ன புத்தகங்களின் விலையும் கடனும்தான் மிஞ்சுகின்றன. 1553இல் மேரி அரசியானதும், ஒளித்து வைத்திருந்த சுருபங்களும் உடுப்புகளும் வீடுகளிலிருந்து கோயிலுக்குத் திரும்பி வந்தன. கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு ட்ரிக்கி கணக்கிலேயே நன்றி எழுதினார். எலிசபெத் காலத்தில் எல்லாம் மறுபடி மாறியது.

இந்தக் கதை நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், வரிசை குலைந்த அந்த ஏடுகளை யாரும் குப்பையில் போடவில்லை என்பதுதான். நம் ஊர்ச் சபைகளிலும் காணிக்கை நோட்டு, அசனச் செலவு, ஏல வரவு, பிடியரிசிக் கணக்கு என்று எவ்வளவோ பழைய புத்தகங்கள் பீரோக்களில் இருக்கின்றன. வெள்ளையடிக்கும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கறையான் அரிப்பதற்கு முன்னால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைச் சபையிலும் இன்னொன்றை அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலும் வையுங்கள்.