நீ யார் வீட்டுப் பிள்ளை?



கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஓவியப் போட்டி நினைவிருக்கும். முதல் பரிசு பெற்ற படத்தை வரைந்தது செயற்கை நுண்ணறிவுச் செயலி என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அனுப்பிய பிள்ளை அழுதது, மற்ற பிள்ளைகள் கோபப்பட்டார்கள். ‘படம் கையால்தான் வரைய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே’ என்று பெற்றோர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. குழுவுக்கு நேர்மை விதிகள் எழுதித் தரும்படி சங்கக் கூட்டத்தில் என்னிடம் சொன்னார்கள். எழுதுவதற்கு முன், இணையத்தில் பிள்ளைகளுக்காக இதுவரை என்னென்ன விதிகள் வந்தன, அவை என்ன ஆயின என்று தேடிப் படித்தேன். படித்ததை இங்கே பகிர்கிறேன்.

நான் வளர்ந்தது செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ள வல்லத்தில். பெட்டிக்கடையில் போய் நின்றாலே முதல் கேள்வி, ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதுதான். பதில் சொல்லிவிட்டால் அப்புறம் பொய் சொல்ல வழியில்லை. சாயங்காலத்துக்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். எழுதி வைக்காத விதி அது. ஊரே ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் நடந்தது.

இணையத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. அதற்குப் பதிலாக ‘பிறந்த தேதி என்ன?’ என்ற கேள்வி வந்தது. அமெரிக்காவில் 1998-இல் சிறுவர் இணைய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவரங்களைத் திரட்ட வேண்டுமானால் பெற்றோரின் சம்மதத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றது அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சம்மதம் வாங்குவது செலவு பிடித்த வேலை என்பதால், பல நிறுவனங்கள் ‘13 வயது ஆகாதவர்கள் சேரக் கூடாது’ என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொண்டன. பிள்ளைகள் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு உள்ளே போனார்கள்.

நாமும் இதற்கு விலக்கல்ல. ஆர்குட் 2004-இல் வந்தபோது பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்த பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் உண்மையான வயதைக் கொடுத்திருப்பார்கள்?

பிறகு பெற்றோரே இதில் சேர்ந்துகொண்டார்கள். ஃபேஸ்புக்கில் உரிய வயதுக்கு முன்பே சேர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளின் பெற்றோரிடம் டானா பாய்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் விசாரித்து 2011-இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. பெரும்பாலான பெற்றோருக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. பலர் கணக்கைத் தொடங்க உதவியும் செய்திருந்தார்கள்.

அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக ஒன்பது வயது மகளுக்குக் கணக்கு தொடங்கியபோது, பிறந்த வருடம் என்ற இடத்தில் என்னுடைய வருடத்தைப் போட்டேன். ‘அம்மா, நான் 1981-லயா பொறந்தேன்?’ என்று கேட்டாள். ‘அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்றேன். இணையத்தில் பொய் சொல்லலாம் என்ற முதல் பாடத்தை நான்தான் நடத்தியிருக்கிறேன்.

நம் நாட்டில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வயதை 18 ஆக்கியிருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வேலி உயர்ந்திருக்கிறது. தாண்டக் கற்றுக்கொடுப்பவர்களும் நாமாகவே இருந்தால் வேலியால் பயனில்லை.

வேறு மாதிரி விதி எழுதியவர்களும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-இல் பொதுவில் விட்டது. பிள்ளைகள் அதில் விளையாட்டும் கார்ட்டூனும் செய்து ஒருவருக்கொருவர் காட்டலாம். அடுத்தவர் செய்ததை எடுத்து மாற்றவும் அனுமதி உண்டு.

அங்கே சேரும் பிள்ளையிடம் சொந்தப் பெயரை வெளியில் காட்டாதே என்கிறார்கள். அதே இடத்தில் நேர்மையாக இரு என்றும் விதி இருக்கிறது. அதாவது, இன்னொருவர் போல நடிக்காதே, வதந்தி பரப்பாதே, யாரையும் ஏமாற்றாதே. முதலில் இவை இரண்டும் எனக்கு முரணாகத் தெரிந்தன. யோசித்தால் முரணில்லை. தன்னைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லாமல் இருப்பது பாதுகாப்பு. இல்லாததைச் சொல்லி ஒருவரை நம்பவைப்பது ஏமாற்று. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதே இல்லை.

ஸ்கிராட்சிலும் ‘என் படைப்பைத் திருடிவிட்டான்’ என்ற சண்டை வந்தது. யாருடைய படைப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கணினியே காட்டும்படி செய்தார்கள். ஆனாலும் மனத்தாங்கல் முழுதாகத் தீரவில்லை. ஏன் என்று ஆராய்ந்து 2011-இல் வந்த ஒரு கட்டுரை சொன்னது இது: கணினி தானாகப் போடும் பெயரைவிட, எடுத்த பிள்ளை தானே எழுதும் நன்றியைத்தான் பிள்ளைகள் பெரிதாக மதித்தார்கள்.

நம் ஓவியப் போட்டிக்கும் இதுதான் பதில் என்று தோன்றுகிறது. எந்தப் படம் செயலி வரைந்தது என்று துப்புத் துலக்குவது நம் வேலையாக வேண்டாம். பிள்ளையே சொல்வதற்கு இடம் கொடுப்போம். நான் எழுதியிருக்கும் விதிகள் மூன்றுதான்.

ஒன்று: எது அனுப்பினாலும், யார் உதவினார்கள், எந்தச் செயலி உதவியது என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதியதற்காக யாரையும் போட்டியிலிருந்து நீக்கக் கூடாது. செயலியின் உதவியோடு வரைந்தவற்றுக்குத் தனிப் பிரிவு இருக்கும்.

இரண்டு: வீட்டு எண், போன் எண், பள்ளிப் பெயரைச் சொல்ல மறுப்பது பொய் ஆகாது. ஆனால் இன்னொருவர் பெயரில் பேசுவது பொய்.

மூன்று: பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் பொய்யான வயதைப் பதிவு செய்யக் கூடாது.

மூன்றாவது விதி நமக்கு. மகளின் கணக்கில் பிறந்த வருடத்தைப் போன வாரம் திருத்தினேன். சில வசதிகள் நின்றுபோய், பெற்றோர் அனுமதி கேட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம்தான். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்தேன்.

விதிகள் அடுத்த கூட்டத்தில் முன்வைக்கப்படும். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்கள் சம்மதித்தால்தான் இவை விதிகள்.