நாயகி தமிழில் கேட்டாள், நாயகன் தெலுங்கில் பதில் சொன்னான்

எங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது மொத்தம் இருபது வார்த்தை இருக்கலாம், அதில் பாதி கேன்டீன் சம்பந்தப்பட்டது. ஆனால் தமிழ்ப் படம் எது வந்தாலும் எங்களோடு கிளம்பிவிடுவான். போன வாரம் ஒருத்தன் அவனிடம், "பாஷையே தெரியாம உனக்கு என்னடா புரியும்?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை படத்துக்கும் வரவில்லை.

அந்தக் கேள்வி மனசை அரித்துக்கொண்டே இருந்தது. தமிழ் சினிமா பேச ஆரம்பித்த நாளிலேயே இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

மௌனப்பட காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நடுநடுவே எழுத்து அட்டை வரும், மொழியை மாற்றிப் போட்டால் போதும். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வத'த்துக்கு இந்தி அட்டைகளை எழுதிக் கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி! படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது உரக்கப் படித்துச் சொல்லிவிடுவார்கள். படம் பேச ஆரம்பித்ததும்தான் சுவர் எழும்பியது.

1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் 'ஆலம் ஆரா' வெளியானது. எடுத்தவர் அர்தேஷிர் இரானி. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அவருடைய இம்பீரியல் கம்பெனி தயாரித்த 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் திரைக்கு வந்தது (பிற்பாடு முருகன் தியேட்டர் என்று பெயர் மாறியது அதுதான்). இயக்கம் எச்.எம்.ரெட்டி. நாயகி டி.பி.ராஜலட்சுமி. தமிழின் முதல் பேசும் படம் என்று பொது அறிவுப் புத்தகங்களில் நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

புத்தகம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. படத்தில் ராஜலட்சுமி பேசியது தமிழ். காளிதாசனாக நடித்த பி.ஜி.வெங்கடேசன் பேசியது தெலுங்கு. துணை நடிகர்கள் சிலர் இந்தி. படிப்பறிவில்லாத மாடு மேய்ப்பவனுக்கு இளவரசியை ஏமாற்றிக் கட்டி வைக்கும் கதை. கல்யாணமான பிறகு அவள் தமிழில் ஒன்று கேட்க, அவன் தெலுங்கில் பதில் சொன்னால், ஏமாந்தோம் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு சாட்சியே வேண்டாம்! பாட்டிலும் இதே கலவை. தியாகராஜர் கீர்த்தனை ஒரு பக்கம், மதுரகவி பாஸ்கரதாஸின் தேசபக்திப் பாட்டு இன்னொரு பக்கம். காளிதாசன் காலத்துக் கதையில் காந்தியின் ராட்டை எப்படி நுழைந்தது என்று கேட்கக் கூடாது.

ஜனங்கள் கல்லெறிந்தார்களா? இல்லை. படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது வால்டாக்ஸ் ரோட்டில் கூட்டம் கூடி, பூத்தூவி, தேங்காய் உடைத்து, சாம்பிராணி போட்டுத் தியேட்டர் வரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். 8,000 ரூபாயில் எடுத்த படம் 75,000க்கு மேல் சம்பாதித்தது என்று சொல்வார்கள். (காமர்ஸ் மாணவன், கணக்கைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.) 'ஆலம் ஆரா'வின் செட்டையே திரும்பப் பயன்படுத்தியதும் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு காரணம்.

படம் பேசுகிறது என்கிற அதிசயத்தில் மயங்கிவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அன்றைய சென்னையை நினைத்துப் பாருங்கள். ஆந்திர மாவட்டங்கள் பிரிந்து போனதே 1953ல்தான். தெருவில் தெலுங்கு, கச்சேரியில் தெலுங்கு கீர்த்தனை. அர்த்தம் தெரியாமலே கண் கலங்கிப் பழகிய சபை அது. அரைகுறையாகப் புரிந்துகொள்வது அவர்களுக்கு அன்றாட விஷயம். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையே என்ற நியாயமான கோபமும் பிறகு கிளம்பியது. 1943ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது அதனால்தான். எல்லோரும் எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டே இருந்தார்கள் என்று நான் கதை விடவில்லை.

சினிமா சுவரைத் தாண்ட வேறு வழிகளையும் கண்டுபிடித்தது. 1943ல் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை மெய்யப்பச் செட்டியார் 1944ல் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். டப்பிங்கின் ஆரம்பம் அது.

எனக்கு ரொம்பப் பிடித்தது எல்லிஸ் ஆர். டங்கன் கதை. அமெரிக்கர். 1935ல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல உதவியாளர்களை வைத்துக்கொண்டு 'சதி லீலாவதி', 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா' என்று வரிசையாகத் தமிழ்ப் படம் எடுத்தார். எம்.ஜி.ஆரின் முதல் படம் அந்த 'சதி லீலாவதி' (1936). 1950ல் வந்த 'மந்திரி குமாரி'யும் டி.ஆர்.சுந்தரத்தோடு சேர்ந்து அவர் இயக்கியதுதான். வசனம் யார்? கலைஞர் கருணாநிதி! வசனத்துக்காகவே பேசப்பட்ட ஒரு தமிழ்ப் படத்தின் இயக்குநர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. "பாஷையே தெரியாம உனக்கு என்ன புரியும்" என்று அவரிடம் கேட்க அன்று ஸ்டூடியோவில் யாருமில்லை போல.

நேற்று ஒடிசா நண்பனிடம் இதையெல்லாம் என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, அந்தக் 'காளிதாஸ்' படம் எங்கே கிடைக்கும், சேர்ந்து பார்க்கலாம் என்றான். கிடைக்காது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அவள் தமிழில் என்ன கேட்டாள், அவன் தெலுங்கில் என்ன சொன்னான் என்று இனி கேட்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேறு படத்துக்குப் போவதாக முடிவு. டிக்கெட் என் செலவு.