வெளிநாட்டுப் பெரியப்பா ஊரோட வந்துடலாம்னு இருக்காரா? கம்பம் பள்ளத்தாக்கில் செட்டில் ஆகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

“இங்க குளிர் தாங்கல தம்பி. ரிட்டையர் ஆனதும் ஊரோட வந்துடலாம்னு நானும் பெரியம்மாவும் முடிவு பண்ணிட்டோம். சின்னமனூர் பக்கம் ஒரு சின்ன தோப்பு இருந்தா பாரேன்.”

லண்டன்லயோ டொரன்டோலயோ 30, 35 வருஷமா இருக்கிற பெரியப்பாகிட்ட இருந்து இப்படி ஒரு வாய்ஸ் நோட் வந்தா, நிலம் தேடி அலையப்போறது நீங்கதான். பேங்க், ஆதார், ஆஸ்பத்திரின்னு கூடவே ஓடப்போறதும் நீங்கதான். அதனால இந்தக் கட்டுரை பெரியப்பாவுக்கு எழுதினதுன்னாலும், அவருக்கு முன்னாடி நீங்க படிச்சு வெச்சுக்கறது நல்லது.

முதல்ல அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கையில இருக்கிறது எந்த நாட்டு பாஸ்போர்ட்? துபாய், சவுதி, குவைத்ல இருந்து திரும்பற அண்ணன்கள் பெரும்பாலும் இந்திய பாஸ்போர்ட்டோடதான் இருப்பாங்க. அவங்களுக்கு இது வெறும் வீடு மாத்துற வேலை. ஆனா பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு போய் குடியுரிமை வாங்கினவங்க கதை வேற. பிறந்து வளர்ந்தது உத்தமபாளையமாவே இருக்கட்டும், சட்டத்தோட கண்ணுல அவங்க வெளிநாட்டுக்காரங்க. அவங்க இங்க வந்து குடியேறுறது, ஒரு வெள்ளைக்காரர் தாய்லாந்துல போய் ரிட்டையர் ஆகுற மாதிரிதான்.

இன்னும் சொன்னா, தாய்லாந்துல 50 வயசுக்கு மேல ஆனவங்களுக்குன்னு ரிட்டையர்மென்ட் விசா இருக்கு. மலேசியாவுல நீண்டகாலம் தங்கறதுக்குன்னு தனித் திட்டம் இருக்கு. இலங்கையில 55 வயசைத் தாண்டின வெளிநாட்டவருக்கு தனி விசா இருக்கு. இந்தியாவுல அப்படி எதுவும் கிடையாது. நம்ம ஆளுங்களுக்கு இருக்கிற ஒரே வழி ஓ.சி.ஐ. கார்டு.

ஓ.சி.ஐ. என்ன தரும், என்ன தராது?

பேருல ‘சிட்டிசன்’னு இருந்தாலும் இது குடியுரிமை இல்ல. ஆயுள் முழுக்க செல்லுபடியாகிற விசான்னு புரிஞ்சுக்கங்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் தங்கலாம், மத்த வெளிநாட்டவர் மாதிரி போலீஸ்ல பதிவு பண்ண வேண்டியதில்ல. ஓட்டு கிடையாது. ரேஷன் கார்டை நம்பி வர்ற அரசுத் திட்டங்களையும் எதிர்பார்க்க வேண்டாம்.

விண்ணப்பிக்கும்போது ரெண்டு இடத்துல மாட்டுவாங்க. ஒண்ணு, பழைய இந்திய பாஸ்போர்ட். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின அன்னைக்கே இந்தியக் குடியுரிமை போயிடுது. பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு அதுக்கான சான்றிதழ் வாங்கணும். “அது எங்கயோ பீரோவுல கிடக்குது”ன்னு சொல்றவங்க இதை முதல்ல முடிக்கணும். ரெண்டாவது, பிறந்த ஊர். தேனி மாவட்டம் உருவானதே 1996-லதான். அதுக்கு முன்னாடி பிறந்தவங்களோட சான்றிதழ், பள்ளி டி.சி. எல்லாத்துலயும் மதுரை மாவட்டம்னுதான் இருக்கும். தப்பில்ல. ஆனா ஃபார்ம்ல ஒரு இடத்துல தேனி, இன்னொரு இடத்துல மதுரைன்னு போட்டா தேவையில்லாத கேள்வி வரும். ஆவணத்துல எப்படி இருக்கோ அப்படியே எழுதச் சொல்லுங்க.

பெரியம்மா வேற நாட்டுக்காரரா இருந்தா, கல்யாணத்தைப் பதிவு செஞ்சு குறைஞ்சது 2 வருஷம் ஆகியிருக்கணும். அப்போதான் அவங்களும் துணைங்கிற முறையில விண்ணப்பிக்கலாம். கார்டை 20 வயசுக்கு மேல வாங்கியிருந்தா ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் கார்டை மாத்த வேண்டாம். 50 வயசுக்கு அப்புறம் எடுக்கிற புது பாஸ்போர்ட்டையும் போட்டோவையும் 3 மாசத்துக்குள்ள ஒருமுறை ஆன்லைன்ல ஏத்தினா போதும்.

அந்தத் தோப்பு மேட்டர்

இங்கதான் பாதிப் பேரோட கனவு உடையுது. கம்பம் பள்ளத்தாக்குன்னாலே வயல், வாழை, தென்னை, புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சை, மலைக்குப் போனா ஏலக்காய். ஓ.சி.ஐ. வெச்சிருக்கவங்க விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூணையும் விலைக்கு வாங்க முடியாது. வெளிநாட்டுல வாழுற இந்தியக் குடிமக்களுக்கும், அங்க இருக்கிற வரைக்கும் இதே தடைதான். வீடு, அபார்ட்மென்ட், வீட்டுமனை வாங்கலாம், அதுல பிரச்னை இல்ல.

தாத்தா சொத்து? வாரிசா வந்தா வெச்சுக்கலாம். ஆனா விவசாய நிலத்தை விக்கணும்னா இந்தியாவுல வாழுற இந்தியருக்குத்தான் விக்க முடியும்.

அடுத்து உங்களுக்கு வரப்போற டயலாக் இதுதான்: “சரி, பணம் நான் அனுப்புறேன், உன் பேருல வாங்கிப் போடு.” பாசத்துல ஓகே சொல்லிடாதீங்க. பணம் ஒருத்தரோடது, பத்திரம் இன்னொருத்தர் பேருல, அதுவும் சட்டத்தடையைத் தாண்டுறதுக்காகன்னா அதுக்குப் பேர் பினாமி. 1988-ல வந்த பினாமி சட்டத்தை 2016-ல இறுக்கிட்டாங்க. சொத்து பறிமுதல் ஆகும். 1 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில், சந்தை மதிப்புல 25 சதவிகிதம் வரைக்கும் அபராதம். பணம் கொடுத்தவருக்கு மட்டுமில்ல, பேரைக் கொடுத்த உங்களுக்கும் சேர்த்துத்தான். இது போக, நாளைக்கு உங்க குடும்பத்துக்குள்ளயே ஒரு சண்டை வந்தா பெரியப்பா கையில காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

மனைன்னு சொல்லி விக்கிறதுலயும் உஷார். பைபாஸ் ஓரத்துல கல்லு நட்டு கொடி கட்டிட்டா அது வீட்டுமனை ஆகிடாது. பட்டாவுல நிலம் என்ன வகைன்னு பாருங்க. நஞ்சை, புஞ்சைன்னே கிடந்து, டி.டி.சி.பி. அனுமதியும் இல்லைன்னா ஓ.சி.ஐ. பேருல பத்திரம் போடவே யோசிக்காதீங்க. வில்லங்கச் சான்று குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. என்னைக் கேட்டா, முதல் வருஷம் எதையுமே வாங்க வேண்டாம். தோப்பைப் பார்த்த மாதிரி ஒரு வாடகை வீடு போதும். இளநீர் எப்படியும் கிடைக்கும்.

தோப்பு வாங்கியே தீரணும்னா நேர்வழி ஒண்ணு இருக்கு. ஓ.சி.ஐ. பதிவாகி 5 வருஷம் ஆகியிருந்து, விண்ணப்பத்துக்கு முந்தின 12 மாசம் இந்தியாவுல வசிச்சிருந்தா, திரும்ப இந்தியக் குடியுரிமை கேட்கலாம். கிடைச்சா வெளிநாட்டுக் குடியுரிமையை விடணும். பிள்ளைங்க அங்க இருக்கும்போது, 65 வயசுல அந்த பாஸ்போர்ட்டை விட எத்தனை பேருக்கு மனசு வரும்?

பென்ஷன்: யாருக்கும் சொல்லப்படாத உறைபனி

பிரிட்டன்ல இருந்து வர்றவங்க இதைக் கண்டிப்பா படிக்கணும். அந்த நாட்டு அரசு பென்ஷன் அங்க இருக்கிறவங்களுக்கு வருஷா வருஷம் ஏறும். இந்தியாவுல வந்து குடியிருந்தா ஏறாது. கிளம்பும்போது எவ்வளவோ, 20 வருஷம் கழிச்சும் அதேதான். வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவுல போய் ரிட்டையர் ஆனா ஏறும். 67 வயசுல வசதியா தெரியற தொகை, 85 வயசுல மருந்துச் செலவுக்குக் காணுமாங்கறதை இப்பவே கணக்குப் போடுங்க. ரூபாய் மதிப்பு இறங்கறதால கொஞ்சம் ஈடு கட்டும்தான். அதை மட்டும் நம்ப முடியாது.

கனடாவுல வேலை செஞ்சு கட்டின சி.பி.பி. எங்க இருந்தாலும் வரும். ஆனா முதியோர் பென்ஷனான ஓ.ஏ.எஸ். வெளிநாட்டுலயும் தொடர்ந்து வரணும்னா, 18 வயசுக்கு அப்புறம் குறைஞ்சது 20 வருஷம் அங்க வாழ்ந்திருக்கணும். 18 வருஷத்துல கிளம்பினா 6 மாசத்துக்கு அப்புறம் நின்னுடும். குறைஞ்ச வருமானம் உள்ளவங்களுக்கான கூடுதல் தொகை, எத்தனை வருஷம் இருந்திருந்தாலும் 6 மாசத்தோட சரி.

வரி விஷயத்துல மட்டும் ஒரு சலுகைக்காலம் உண்டு. ரொம்ப வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு வர்றவங்களை முதல் 2, 3 நிதியாண்டுக்கு வருமான வரிச் சட்டம் ‘ஆர்.என்.ஓ.ஆர்.’னு ஒரு நடுவகையில வைக்கும். அந்த நேரத்துல வெளிநாட்டு வருமானத்துக்கு பொதுவா இங்க வரி இல்ல. அதுக்கப்புறம் உலகத்துல எங்க வருமானம் வந்தாலும், எங்க பேங்க் கணக்கு இருந்தாலும் ரிட்டர்ன்ல காட்டணும். மறைச்சா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம். வெளிநாட்டு வரி தெரிஞ்ச ஆடிட்டரா பிடிங்க, கம்பத்துல கிடைக்கலைன்னா மதுரை போங்க. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளையும் நிரந்தரமா வந்ததும் உள்நாட்டுக் கணக்கா மாத்தணும். டாலராவே வெச்சுக்க ஆசைப்பட்டா ஆர்.எஃப்.சி.ன்னு ஒரு கணக்கு இருக்கு. ஆதார் வேணும்னா, முந்தின 12 மாசத்துல 182 நாள் இங்க தங்கியிருக்கணும். ஓ.சி.ஐ.காரங்க ஆதார் 10 வருஷத்துக்குத்தான் செல்லும்.

எந்த மாசம் வந்து இறங்கணும்?

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. பலர் அங்க கோடை விடுமுறைன்னு கணக்குப் பண்ணி, அதுக்கு முன்னாடியே ஏப்ரல், மே மாசத்துல வந்து இறங்குவாங்க. தேனியோட உச்ச வெயில் அப்போதான். 30 வருஷம் குளிர்ல இருந்த உடம்பு. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியற மாத்திரை வேற ஓடிட்டு இருக்கும். வயசான உடம்புக்கு தாகம் சரியா தெரியாது. தண்ணி குறைஞ்சு, உப்பு குறைஞ்சு, தலைசுத்தி விழுந்து இடுப்பு எலும்பு உடையறதுல போய் முடியும். கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட “சூடான ஊருக்குப் போறேன், மாத்திரை அளவை மாத்தணுமா?”ன்னு கேட்கச் சொல்லுங்க.

மார்கழி, தை பக்கம் வந்தா உடம்பு கொஞ்சம் கொஞ்சமா பழகும். அதுக்கப்புறம் வெயில் வரட்டும். கேரளாவுல தென்மேற்குப் பருவமழை பிடிச்சதும் இந்தப் பள்ளத்தாக்குக்கு காத்து இறங்கும். ஆடியில சட்டையைக் காயப்போட கிளிப் பத்தாது. நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில. கொசு அப்போதான் கிளம்பும், டெங்கு கொசு கடிக்கிறது பகல்ல. “நான் இந்த மண்ணுல வளர்ந்தவன், எனக்கு ஒண்ணும் ஆகாது”ன்னு பெரியப்பா சொல்வார். சின்ன வயசுல இருந்த எதிர்ப்புச் சக்தி இத்தனை வருஷத்துல அப்படியே இருக்காது. டைபாய்டு, மஞ்சள்காமாலை தடுப்பூசி பத்தி அங்கேயே டாக்டர்கிட்ட பேசிட்டு வர்றது நல்லது.

வெயில் தாங்கலைன்னா குமுளி பக்கத்துலதானேன்னு தோணும். கம்பத்துல இருந்து லோயர் கேம்ப் வழியா 20 கிலோமீட்டர் சொச்சம்தான், கிளைமேட்டே மாறிடும். சித்திரையில ஒரு மாசம் அங்க வாடகைக்கு இருக்கிறது நல்ல ஐடியா.

எந்த ஊர்ல வீடு பார்க்கலாம்ங்கறதை சொந்தக்காரங்க முடிவு பண்ண விடாதீங்க, ஆஸ்பத்திரி முடிவு பண்ணட்டும். கம்பத்துலயும் உத்தமபாளையத்துலயும் அரசு மருத்துவமனைகள் உண்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தேனி தாண்டி க.விலக்குல இருக்கு. பெரிய இதய சிகிச்சைன்னா பலரும் மதுரைக்குத்தான் ஓடுறாங்க. தேனியில இருந்து அது சுமார் 75 கிலோமீட்டர், கம்பத்துல இருந்து 110-க்கு மேல. ஏற்கெனவே ஸ்டென்ட் வெச்சவருக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம். பூர்வீக வீடு கூடலூர்ல இருந்தாலும், தேனி டவுன்லயே ஒரு தரைத்தள வீடு பார்க்கறது புத்திசாலித்தனம்.

ரயிலும் தேனி வரைக்கும், அப்புறம் போடிதான். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில நின்ன ரயில், தேனிக்கு 2022 மே மாசமும் போடிக்கு 2023 ஜூன் மாசமும்தான் திரும்பி வந்துச்சு. கம்பத்துக்கு இன்னும் ரயில் கிடையாது.

இன்ஷூரன்ஸை ஃபிளைட் டிக்கெட்டுக்கு முன்னாடியே யோசிக்கணும். பிரிட்டன்ல நிரந்தரமா கிளம்பிட்டா இலவச மருத்துவமனை சிகிச்சைக்கான உரிமை போயிடும். அமெரிக்க மெடிகேர் இங்க செல்லாது. 65 வயசுக்கு மேல பாலிசி தர மாட்டாங்கங்கறது பழைய கதை, 2024 ஏப்ரல்ல இருந்து அந்த வயசு வரம்பு இல்ல. பிரீமியம் அதிகமா இருக்கும், மெடிக்கல் டெஸ்ட் கேட்பாங்க. முக்கியமா, ஏற்கெனவே இருக்கிற சுகர், பி.பி., இதய நோய்க்கெல்லாம் 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் போடலாம். அந்த 3 வருஷத்துக்கு ஆகுற செலவைத் தனி டெபாசிட்டா போட்டு வெச்சுட்டு வரட்டும். நோயை மறைச்சு பாலிசி எடுத்தா, பணம் தேவைப்படற அன்னைக்கு கிளெய்ம் நிராகரிப்பாங்க. மருந்துச் சீட்டுல பிராண்ட் பேரோட மருந்தோட வேதிப்பேரையும் எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அங்க உள்ள பிராண்டைச் சொன்னா இங்க மெடிக்கல் ஷாப்ல முழிப்பாங்க.

இதெல்லாம் சரியானாலும், முதல் 6 மாசம் முடிஞ்சதும் ஒரு சோர்வு வரும். வந்த புதுசுல வீடு நிறைய ஆள் இருக்கும், கறி விருந்து நடக்கும். அப்புறம் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. பெரியப்பா தேடி வந்தது 1985-ல விட்டுட்டுப்போன ஊரை. கூட விளையாடினவங்க சிலர் இல்ல, சிலர் கோயம்புத்தூர்ல பையன் வீட்டுல. பேரப்பிள்ளைங்க வீடியோ கால்ல மட்டும். இங்க நீங்க செய்யக்கூடியது சின்னச் சின்ன வேலைதான். யு.பி.ஐ. போட்டுக்கொடுத்து ஆன்லைன் மோசடி கால் பத்தி சொல்லிக்கொடுங்க. காலையில நடக்கறதுக்கு ஒரு செட் சேர்த்துவிடுங்க. கடன் கேட்டு வர்ற சொந்தத்துக்கு ‘இல்ல’ன்னு சொல்ல பழக்குங்க. பெரியம்மாகிட்ட தனியா கேளுங்க. இந்த முடிவு அவங்களுதா, இல்ல அவரோடது மட்டுமான்னு. சமையலறையும் விருந்தாளிகளும் திரும்ப அவங்க தலையிலதான் விழும்.

பென்னிகுவிக்கை இங்க வீட்டுக்கு வீடு கும்பிடுறாங்க. அவர் பிறந்தது பூனாவுல, கடைசிக் காலம் இங்கிலாந்துல. இந்தியாவுல பிறந்து குளிர்தேசத்துல போய் ஓய்வெடுத்தவர், நம்ம பெரியப்பாவுக்கு நேர் எதிர்.

கடைசியா ரெண்டு காகிதம். ஒண்ணு உயில். அந்த நாட்டுச் சொத்துக்கு அங்க ஒண்ணு, இங்க உள்ளதுக்கு இங்க ஒண்ணு, ரெண்டும் ஒண்ணையொண்ணு ரத்து பண்ணாத மாதிரி வக்கீல் வெச்சு எழுதணும். இன்னொண்ணு, ‘உயிரோட இருக்கார்’ங்கற சான்று. பிரிட்டிஷ் பென்ஷன் வாங்குறவங்களுக்கு இந்த ஃபார்ம் தபால்ல வரும். சாட்சி கையெழுத்தோட திருப்பி அனுப்பலைன்னா பணம் நின்னுடலாம். அதனால வீடு மாத்தினா பென்ஷன் ஆபீஸ்ல முகவரியை மாத்துங்க, கதவு நம்பரும் பின்கோடும் சரியா இருக்கான்னு ஒருமுறை பாருங்க.