ஆண் ஈக்கள் இல்லாத குப்பிகள்

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த சில மாதங்களிலேயே அவை மருத்துவமனைகளுக்குள் வந்துவிட்டன. அவை தோலைப் பொசுக்கும் என்பதும் விரைவில் தெரிந்தது. ஆனால் இன்னும் பிறவாத தலைமுறையையும் அவை தொடும் என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதை நிறுவியவர் ஹெர்மன் மல்லர்; சாட்சி சொன்னவை பழ ஈக்கள்.

1926-இன் இறுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த சோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. அவர் உருவாக்கி வைத்திருந்த பெண் ஈக்களின் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றில், ஆண் மகவை வாழவிடாத மரபணு ஒன்றும், கண்ணைப் பட்டையாக்கும் அடையாளம் ஒன்றும் இருந்தன. கதிர்பட்ட ஆண் ஈக்களோடு அவற்றை இணைத்து, பட்டைக் கண் கொண்ட மகள்களைத் தனித்தனிக் குப்பிகளில் வளர்த்தார். அம்மகள்களின் ஆண் மகவுகளில் ஒரு பாதி, பாட்டியின் குரோமோசோமால் மடியும். மறுபாதி, கதிர்பட்ட பாட்டனின் குரோமோசோமைப் பெறும். அதுவும் உயிர்கொல்லியாக மாறியிருந்தால் அக்குப்பியில் ஓர் ஆண் ஈகூட இராது. ஆகவே, இல்லாதவற்றைக் கண்டாலே போதும், சேதத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

மிகுந்த அளவு கதிர்பட்ட உயிரணுக்களில் மரபணு மாற்றம் ஏறத்தாழ 150 மடங்கு பெருகியிருந்தது. 1927-இல் பெர்லினில் நடந்த மரபியல் மாநாட்டில் மல்லர் இதை விரிவாக முன்வைத்தார். தனி மரபணுக்கள் மட்டுமல்ல, குரோமோசோம்களே உடைந்து, தலைகீழாகத் திரும்பி, வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன. குரோமோசோம்களின் இயல்பான முனைகள் மட்டும் அப்படி ஒட்டுவதில்லை என்று கண்ட அவர், 1938-இல் அவற்றுக்கு டெலோமியர் என்று பெயரிட்டார்.

இன்று காரணம் தெளிவாகவே தெரியும். கதிர் நேரடியாகவும், உயிரணுவின் நீரைச் சிதைத்து உண்டாக்கும் வினைமிகு மூலக்கூறுகள் வழியாகவும் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அறுக்கிறது. செப்பனிடும் நொதிகள் சில வேளை தவறான முனைகளைப் பிணைத்துவிடுகின்றன. இரு மையங்கள் கொண்ட குரோமோசோம் ஒன்று உருவானால், உயிரணு பிரியும்போது அது இரு பக்கமும் இழுபட்டு அறுந்துபோகிறது. எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர் என்று ஓயாமல் பிரியும் திசுக்கள் முதலில் வீழ்வது இதனால்தான்.

ஹிரோஷிமாவுக்கு மறு ஆண்டு, 1946-இல், மல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1955-இல் ஜெனீவாவில் கூடிய அமைதிக்கான அணுசக்தி மாநாட்டில் அவர் கட்டுரை வாசிக்க அமெரிக்க அணுசக்தி ஆணையம் இடம்தரவில்லை. குண்டுக்குத் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் நடந்த நெடிய ஆய்வுகளில் பரம்பரைச் சேதம் தெளிவாகப் புலப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எனினும் பெரும்பாலான மாற்றங்கள் ஒடுங்கிக் கிடந்து, பல தலைமுறை கடந்தே வெளிப்படும் என்பதே மல்லரின் எச்சரிக்கை. ஈக்களுக்குக் குப்பிகள் இருந்தன. பிறவாமற்போன மனிதரை எண்ணுவதற்கு அத்தகைய குப்பி ஏதும் நம்மிடம் இல்லை.