அந்தாலியாவில் ஒரு முஸாஃபிர்



மதுரையை ஆண்ட சுல்தான்களைப் பற்றிப் படித்தவர்கள் இப்னு பதூதா என்னும் பெயரை அறியாமல் இருக்க முடியாது. மொராக்கோ நாட்டின் டான்ஜியர் நகரில் 1304-ஆம் ஆண்டு பிறந்த இவர், ஹிஜ்ரி 725 ரஜப் மாதத்தில், அதாவது 1325 ஜூனில், ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். அப்போது வயது இருபத்தொன்று. சேர்ந்து செல்லக் காஃபிலா இல்லை, வழித்துணையும் இல்லை. மதுரைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் துருக்கியின் கடற்கரை நகரமொன்றில் அவர் கண்ட காட்சியையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1330-களின் தொடக்கத்தில், சிரியாவின் லத்தாக்கியா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவரின் கப்பலில் ஏறி, பத்து இரவுகள் பயணம் செய்து அலன்யாவில் இறங்கினார். கப்பல் தலைவர் கூலி வாங்காமல் கண்ணியமாக நடத்தியதை நன்றியுடன் குறிப்பிடுகிறார். அங்கிருந்து அந்தாலியாவை அடைந்தார். 1207-இல் செல்ஜூக்கியர் கைப்பற்றிய நகரம் அது. சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் காலத்துச் செங்கல் மினாரா இன்றும் அங்கே நிமிர்ந்து நிற்கிறது. துறைமுகப் பகுதியில் கிறிஸ்தவ வணிகர்களும், வேறு பகுதிகளில் கிரேக்கரும் யூதரும், நடு நகரில் முஸ்லிம்களும் தனித்தனி மதில்களுக்குள் வாழ்ந்தனர். வணிகர் பகுதியின் கதவுகள் இரவிலும் ஜும்ஆ நேரத்திலும் அடைக்கப்படும். அவ்வூர் வாதுமைப் பழம் உலர்த்தப்பட்டு எகிப்துக்கு ஏற்றுமதியானதையும் எழுதுகிறார். பழங்களை அவர் எந்த ஊரிலும் விட்டுவைப்பதில்லை!

மத்ரஸா ஒன்றில் தங்கியிருந்த அவரைத் தேடி, மறுநாள் ஒருவர் வந்தார். பழைய உடை, தலையில் கம்பளித் தொப்பி. அவர் துருக்கியில் ஏதோ சொன்னார். இப்னு பதூதாவுக்கு அம்மொழி அப்போது தெரியாது. "உங்களையும் உங்கள் தோழர்களையும் விருந்துக்கு அழைக்கிறார்" என்று மத்ரஸாவின் ஷைகு விளக்கினார். வந்தவர் சென்றபின், "இவர் ஏழையாயிற்றே, இவருக்குச் சுமையாக இருக்கலாமா?" என்று தயங்கினார் பயணி. ஷைகு சிரித்துவிட்டார். அந்த மனிதர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஆயினும் பல தொழில்களைச் சேர்ந்த ஏறக்குறைய 200 பேர் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் அவரே.

இத்தகைய தலைவரை 'அகீ' என்பர். அரபியில் 'என் சகோதரர்' என்று பொருள். கொடையாளியைக் குறிக்கும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்ததாகக் கூறும் ஆய்வாளர்களும் உண்டு. உறுப்பினர்கள் பகலெல்லாம் உழைத்து, அஸருக்குப் பின் அன்றைய வருமானத்தைத் தலைவரிடம் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதில் பழமும் உணவும் வாங்கப்படும். அன்று ஊருக்கு முஸாஃபிர் வந்திருந்தால் அவரே விருந்தாளி. யாரும் வராவிட்டால் தாங்களே கூடி உண்டு, மறுநாள் தொழிலுக்குத் திரும்புவார்கள். நம் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிக்காரர்களைப் போல அன்றாடம் உழைத்துப் பிழைத்தவர்கள் நடத்திய சத்திரம் அது.

மஃரிபுக்குப் பின் அந்தச் சகோதரர் வந்து அழைத்துச் சென்றார். அவர்களுடைய ஸாவியாவில், நம் வழக்கில் தைக்காவில், அழகிய விரிப்புகளும் ஈராக் கண்ணாடி விளக்குகளும் இருந்தன. பித்தளை விளக்குத் தண்டுகள் ஐந்து என எண்ணிக்கையும் தருகிறார். இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து, 1355-இல் நிறைவுற்ற பயணநூலுக்காகச் சொல்லும்போதும் அவருக்கு அது நினைவிலிருந்தது. லாதிக் என்னும் ஊரிலோ, இத்தகைய இரு கூட்டத்தார் இவர்களின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவிவிட்டனர். கொள்ளையர் என்று அஞ்சினால், எந்தக் கூட்டத்தாரிடம் முதலில் தங்குவது என்பதற்கான சண்டையாம்! சீட்டுக் குலுக்கித் தீர்த்தனர்.

1340-களில் அவர் நம் பாண்டி நாட்டுக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையை ஆண்டவர் கியாதுத்தீன் தாமகானி. சுல்தானும் இவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள், ஆகவே அரச உபசாரத்துக்குக் குறைவில்லை. எனினும் போர்க்கைதிகளிடமும், பெண்கள் குழந்தைகளிடமும் சுல்தான் காட்டிய கொடுமையைக் கண்டு மனம் பதறினார். எந்த மன்னரிடமும் இத்தகைய இழிசெயலைத் தாம் அறிந்ததில்லை என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் ஒளிக்காமல் எழுதினார். சுல்தான் நம்மவர், உறவினர் என்பதற்காக அவர் உண்மையை மறைக்கவில்லை. மதுரை சுல்தான்களின் பெயர்களைப் பெருமையாக அடுக்கும் நம்மவர்கள் அந்தப் பக்கத்தையும், அந்தாலியாவின் செருப்புத் தொழிலாளியைப் பற்றிய பக்கத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

மதுரையில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மாண்டனர், சுல்தானும் இறந்தார். கடும் காய்ச்சலில் விழுந்த இப்னு பதூதா, அங்கே மலிந்து கிடைத்த புளியில் ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாட்களில் நலம் பெற்றார். புதிய சுல்தான் இன்னும் ஒரு மாதம் தங்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் இசையவில்லை. ஃபத்தன் துறைமுகத்துக்குச் சென்று கப்பலேறிவிட்டார்.