விற்காத புத்தகம் யார் தலையில்?

ஆகஸ்டில் சிட்னியின் தொடக்கப் பள்ளிகளில் புத்தக வாரம் வரும். அதையொட்டிப் பல பள்ளிகளின் நூலக அறைக்குள் சக்கரம் வைத்த உலோக அலமாரிகள் உருண்டு வரும். பூட்டைத் திறந்து கதவுகளை விரித்தால் அதுவே கடை. முன்வரிசையில் படக்கதைகள், அடுத்துத் தொடர்கதைகள், பக்கத்து மேசையில் வாசனை அழிப்பான்களும் பளபளக்கும் பேனாக்களும். பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து பார்த்துவிட்டு, ஆசைப்பட்ட தலைப்புகளை ஒரு தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கல்லாவில் பெரும்பாலும் பெற்றோரே உட்கார்வார்கள். முடிவில் விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்குக் கிடைக்கும், விற்காததை நிறுவனமே எடுத்துக்கொள்ளும். சிட்னியின் ஹோம்புஷில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது பழகிய காட்சி. அதே பிள்ளை வார இறுதியில் போகும் தமிழ்ப் பாடசாலைக்கு இப்படி அலமாரி வருவது வழக்கமில்லை. தமிழ்ப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வாசிப்பில் நாட்டம் குறைந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். பள்ளிப் புத்தகக் கண்காட்சியின் வரலாற்றைப் புரட்டினால் வேறு காரணம் தெரிகிறது. விற்காத புத்தகத்தின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே எந்த மொழியில் கண்காட்சி நடக்கும் என்பது முடிவாகியிருக்கிறது.

புத்தக வாரம் என்ற ஏற்பாட்டில் தொடக்கம் முதலே விற்பனையாளரின் கை உண்டு. அமெரிக்காவில் 1919இல் சிறுவர் புத்தக வாரத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரெடெரிக் மெல்ச்சர், புத்தக வணிகத்துக்கென்றே வந்த 'பப்ளிஷர்ஸ் வீக்லி' இதழின் ஆசிரியர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடைக்காரர்கள் புதிய புத்தகம் வாங்கவே அஞ்சினார்கள். அப்போதுதான் விற்காததைத் திருப்பித் தரலாம் என்ற சலுகையை அமெரிக்கப் பதிப்பாளர்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றைய பள்ளிக் கண்காட்சி நிற்பது இந்தச் சலுகையின் மேல்தான். 1981இல் அமெரிக்கப் பதிப்பு நிறுவனமான ஸ்கொலாஸ்டிக், கலிபோர்னியாவில் பள்ளிக் கண்காட்சி நடத்திவந்த ஒரு நிறுவனத்தை வாங்கி இத்தொழிலில் இறங்கியது. நியூ சவுத் வேல்ஸின் லிசரோவிலிருந்து இயங்கும் அதன் ஆஸ்திரேலியக் கிளையும் பள்ளிகளுக்கு அலமாரிகளை அனுப்புகிறது.

ஆஸ்திரேலியாவில் இத்தகைய கண்காட்சிக்கு இடம் ஏற்கெனவே காலியாக இருந்தது. இந்நாட்டு நூலகங்களின் பரிதாப நிலையை 1935இல் வந்த மன்–பிட் அறிக்கை ஒளிவுமறைவின்றி எழுதியது. நியூ சவுத் வேல்ஸில் 1939இல் நூலகச் சட்டம் வந்தாலும் பள்ளி நூலகங்களுக்கு விடிவு தாமதித்தே வந்தது. கூட்டாட்சி அரசு 1968இல் நூலக நிதி அறிவித்தபோதும் அது உயர்நிலைப் பள்ளிகளுக்கு மட்டுமே. தொடக்கப் பள்ளிகள் 1973இல் பள்ளிகளின் தேவைகளை ஆராய்ந்த கார்மெல் அறிக்கை வரும்வரை காத்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் பெற்றோர் சங்கங்கள் கேக் விற்றும் பழைய பொருள் விற்றும் அலமாரிகளை நிரப்பின. இப்படிக் காசு திரட்டிப் பழகிய சங்கத்திடம், கைமுதல் வேண்டாம், விற்காததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், நூலகத்துக்குப் பங்கும் தருகிறோம் என்றால் யார் மறுப்பார்கள்?

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. நட்டத்தைச் சுமப்பவரே புத்தகங்களைத் தேர்கிறார். எளிதில் விற்கும் தொடர்களும் திரைப்படத்தை ஒட்டிய புத்தகங்களும் பொம்மைகளும் முன்வரிசைக்கு வருவது அதனால்தான். இதை வைத்து, கண்காட்சி வெறும் வியாபாரம், பள்ளிக்குள் அதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொந்தமாக ஒரு புத்தகத்தைத் தேர்ந்து, பெயரெழுதி, தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் அனுபவத்தைப் பல பிள்ளைகள் முதலில் பெறுவது இந்த அலமாரியின் முன்தான். தேர்வில் பள்ளியும் கை வைக்கலாம். எந்தப் புத்தகங்கள் வேண்டும், விளையாட்டுச் சாமான் எவ்வளவு வரலாம் என்று முன்கூட்டியே பேசி முடிவுசெய்யலாம். பேசாமல் விட்டால் விற்பனையாளர் தன் கணக்குப்படியே நிரப்புவார்.

தமிழில் இதே நட்டத்தை வேறு கைகள் சுமந்திருக்கின்றன. ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். மறுவருடமே சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தார். அவருடைய பாலபாடங்கள் இந்த வழியில் பிறந்தவை. பள்ளி நடத்தியவரும் அச்சிட்டவரும் ஒருவரே, பணம் கொடை தந்தவர்களுடையது. 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அங்கே புத்தகம் விலைக்கில்லை, இரவலுக்கு. ஒரே சரக்கைப் பல ஊர்களுக்குச் சுற்றவிடும் உத்தி மட்டும் இன்றைய சக்கர அலமாரியினுடையதேதான். 1977இல் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கியதும் ஒரு பள்ளி வளாகத்தில், அண்ணா சாலை மதரசா-இ-ஆஸம் பள்ளியில். தங்கள் சரக்கைத் தாங்களே கொண்டுவந்து, மீந்ததைத் தாங்களே எடுத்துச்செல்லும் பதிப்பாளர்களின் கூட்டமைப்பு இருந்ததால் அது நடந்தது. கிடங்கும் காட்சித்திடலும் ஒரே நகரில் இருந்ததால் மீந்ததைத் திருப்பிக் கொண்டுபோகும் செலவு அற்பம்.

ஈழத்து அனுபவம் ஹோம்புஷுக்கு இன்னும் நெருக்கமானது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்தவை. யாழ்ப்பாணத்துக் கடைகள் நெடுங்காலம் தமிழ்நாட்டு இதழ்களையும் நூல்களையுமே நம்பியிருந்தன. 1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு அந்த இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வாசகர் குறைந்துபோகவில்லை. வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிட, அவை விற்றன. எழுத்தாளர் டொமினிக் ஜீவா தம் 'மல்லிகை' இதழைத் தாமே சுமந்து தெருவில் விற்றார். வழங்கும் வழி கண்முன் இருந்தால் வாங்குவோர் வருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வாசிப்பு நாட்டம் போய்விட்டது என்பவர்களுக்கு மெல்பேர்ணும் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2001 முதல் அங்கு நடந்துவந்த தமிழ் எழுத்தாளர் விழாக்களில் நூல்களைப் பரப்பி வைத்து விற்றிருக்கிறார்கள், மக்கள் வாங்கியிருக்கிறார்கள்.

ஹோம்புஷில் சிக்கல் தூரம். சிறுவர் புத்தகங்கள் மெலிந்தவை, பதினாறு இருபத்துநாலு பக்கம், ஊசி குத்திய கட்டு. சென்னையில் அவற்றின் விலை சில பத்து ரூபாய்கள். விமானத்தில் ஏற்றினால் கூலி விலையைத் தாண்டும், கப்பலில் ஏற்றினால் மாதக்கணக்கு ஆகும். விற்காததைத் திருப்பி அனுப்புவது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே சென்னை விற்பனையாளர் முழுப்பணத்தையும் முன்னதாகக் கேட்கிறார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. நட்டம் முழுவதும் சம்பளமில்லாமல் பாடசாலை நடத்தும் தொண்டர்களின் தலையில் இறங்குகிறது. விடுமுறைக்கு ஊர் போய் வருகிறவரின் பெட்டியில் பத்துப் புத்தகம் வருவதோடு கதை முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுப் புத்தகம் வந்தாலும் சிட்னிப் பிள்ளைக்கு அதைப் படிக்க முடியுமா என்பது இன்னொரு வாதம், அதில் உண்மை உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழில் ஆறு வயது வாசிப்பும் ஆங்கிலத்தில் பன்னிரண்டு வயது அறிவும் இருக்கலாம். சென்னையில் ஆறு வயதுக்கு எழுதிய கதை இந்தப் பிள்ளைக்குச் சலிப்பூட்டும். நியூ சவுத் வேல்ஸ் தமிழ்ப் பாடசாலைகள் கூட்டமைப்பு தனக்கென்று பாடநூல்கள் உருவாக்க நேர்ந்ததும் இந்த இடைவெளியால்தான். பாடநூல் கடமைக்குப் படிப்பது, கதைப்புத்தகம் விரும்பி எடுப்பது. 1996 முதல் இயங்கும் சென்னை தூலிகா பதிப்பகத்தின் தமிழ்–ஆங்கில இருமொழி நூல்கள் இத்தகைய பிள்ளைக்குக் கைகொடுக்கும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் சிட்னியிலேயே அச்சிடலாம். வேண்டிய அளவே அச்சிடும்போது திருப்பி அனுப்பும் பேச்சே எழாது. பொது நூலகம் இருக்கிறதே என்பாரும் உண்டு. நூலகம் அவசியம்தான், ஆனால் மூன்று வாரத்தில் திருப்பித் தரவேண்டிய புத்தகத்தில் பிள்ளை தன் பெயரை எழுத முடியாது.

மன்னார்குடி வண்டியும் லிசரோ அலமாரியும் காட்டும் வழி ஹோம்புஷுக்கும் பொருந்தும். ஒரு பாடசாலை தனியாகச் சரக்கு வாங்கினால் மீந்தது அங்கேயே தங்கிவிடும். சிட்னியின் மேற்கில் வென்ட்வேர்த்வில், மவுண்ட் ட்ரூயிட் எனத் தமிழ்ப் பாடசாலைகள் கார்ப் பயண தூரத்தில் இருக்கின்றன. அவை சேர்ந்து ஒருமுறை வாங்கி, சில பெட்டிகளில் அடுக்கி, ஒரு சனிக்கிழமை ஹோம்புஷ், அடுத்தது வென்ட்வேர்த்வில் என்று சுற்றவிட்டால் ஓரிடத்தில் மீந்தது மற்றோரிடத்தில் விற்கும். கடைசியில் மீந்தவை பாடசாலைகளின் நூலக அலமாரிகளுக்குப் போகும். மொத்தமாக வாங்குவதால் கூடுதல் கழிவு கேட்கலாம், ஒரே பொதியாக வருவதால் கூலியும் பிரியும். எந்தப் புத்தகம் பெட்டியில் ஏற வேண்டும் என்பதை, நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆசிரியர்களே தீர்மானிப்பார்கள்.